நாற்பத்தாறாம் எண் படம்

ஒன்பதாம் அத்தியாயம்

காலை ஏழு இருபது.

இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டது. மனைவி காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். வெளிர்நீலச் சட்டை, நேற்று மாலை வாங்கியது. கடையில் மடித்த கோடு போக மறுத்தது. தண்ணீர் தெளித்து மறுபடி தேய்த்தாள்.

குளியலறைக்குள் கணவர் பேசிக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு ஒரே மூடுபனி. படகு வருமா வராதான்னு தெரியாது. நான் காத்திருந்தேன்.”

நிறுத்தினார். தண்ணீர் விழும் சத்தம். பிறகு, “நான் காத்திருந்தேன்” என்பதை மட்டும் இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

மூன்று நாளாக இப்படித்தான். வியாழக்கிழமை புகைப்படக் கழகத்தின் செயலாளர் ஃபோன் செய்ததிலிருந்து. நாற்பத்தாறாம் எண் உறுப்பினரின் படம் கடைசி மூன்றில் ஒன்றாக வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேடையில் அதைப் பற்றிப் பேசத் தயாராக வரவும் என்றார் செயலாளர். எந்தப் படம் என்று சொல்லவில்லை. சொல்வது கழகத்தின் வழக்கமில்லை. மூன்று படங்களையும் மேடையில்தான் துணி விலக்கிக் காட்டுவார்கள்.

அவரும் கேட்கவில்லை. அவர் கொடுத்திருந்தது ஒரே படம். ஏரியில் ஒரு படகு.

பதினோரு வருடமாக அவர் அந்தக் கழகத்தில் நாற்பத்தாறு. பதினோரு வருடமும் படம் கொடுத்தார். ஒரு முறைகூட முதல் சுற்றைத் தாண்டியதில்லை. வியாழக்கிழமை ஃபோனை வைத்ததும் சமையலறை வாசலில் வந்து நின்று, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அலமாரிக் கதவைத் திறந்து மூடினார்.

ஓர் உறுப்பினர் இரண்டு படங்கள் கொடுக்கலாம். அந்த எண்ணில் இரண்டாவது படம் ஒன்றும் போயிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அது மனைவி எடுத்தது.

வெள்ளிக்கிழமை, தேர்வாகாத படங்கள் தபாலில் திரும்பி வந்தன. உறைக்குள் ஏரி இருந்தது. மகள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். அவர்கள் நடத்தும் ஃபோட்டோ ஸ்டுடியோவில் பிரிண்ட் பேப்பர் அட்டைகளுக்கு அடியில் அதை வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். அம்மா அதை அவரிடம் சொல்லவில்லை. சனிக்கிழமையும் சொல்லவில்லை.

இன்றைக்கு ஞாயிறு.

அவர் துண்டோடு வந்தார். ஐம்பத்தெட்டு வயது. தலை வாரியிருந்தார். எப்போதும் வாருவதற்கு எதிர்ப் பக்கமாக.

“என்னங்க, ஒரு விஷயம்” என்றாள்.

“இரு. முதல்ல இதைச் சொல்லு. கண்ணாடி போட்டுக்கவா, வேண்டாமா? போட்டா பேப்பர் தெரியும். போடலைன்னா முகம் பார்க்கற மாதிரி இருக்கும்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“போட்டுக்கோங்க.”

“அதான் நானும் நினைச்சேன்” என்றார். சட்டையை வாங்கிக்கொண்டு போனார். அவள் இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கிச் சுற்றினாள்.

*

ஆறு வருடங்களுக்கு முன் அவளும் ஒரு படம் கொடுத்திருந்தாள். முதல் முறை. அவர்தான் அவளையும் உறுப்பினராக்கி வைத்திருந்தார். வீட்டில் இன்னொருவர் சேரலாம் என்று விதி இருந்தது, சேர்த்துவிட்டார், பிறகு மறந்துவிட்டார். அவளுடைய எண் நாற்பத்தேழு.

கழகத்தில் படத்தின் பின்னால் பெயர் எழுதக்கூடாது. எண் மட்டும், பென்சிலில். யார் எடுத்தது என்று நடுவருக்கும் தெரியாது, பக்கத்து நாற்காலிக்காரருக்கும் தெரியாது. அவள் வீட்டிலும் சொல்லவில்லை. நன்றாகப் போனால் சொல்லலாம் என்று இருந்தாள்.

கறுப்பு வெள்ளைப் படம். பாதி திறந்த கதவு. அதன் கைப்பிடி, அதில் சுற்றிய டேப்பின் ஒட்டாத நுனி. கதவிடுக்கில் தரையில் விழுந்த வெளிச்சம். அவ்வளவுதான்.

அந்த வருட நடுவர் படத்தைத் தூக்கிக் காட்டினார். இந்த நண்பர் ஆள் வரும்வரை காத்திருந்திருக்கலாம் என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது. அவள் கணவரும் சிரித்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவரால் நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்து, “கதவு” என்றார்.

அவளும் சிரித்து வைத்தாள்.

வீட்டில் அது நிரந்தர ஜோக் ஆகிவிட்டது. ஸ்டுடியோவுக்கு யாராவது அடுத்தவர் ஃபோட்டோவுக்காக விசாரிக்க வந்தால், “ஆள் வரட்டும்ங்க, இல்லைன்னா கதவைத்தான் எடுக்கணும்” என்பார். வந்தவர்களுக்குப் புரியாது. அவர் மட்டும் சிரிப்பார்.

இரண்டு வருடம் அவள் கேமராவைத் தொடவில்லை. அப்புறம் பொருட்களை எடுத்தாள். வாளி, செருப்பு, ஈரமான குடை. அப்புறம் கைகள். அப்புறம் முதுகுகள். முகத்துக்கு வர இந்த வருடம் ஆகிவிட்டது. அதுவும் ஒரே ஒரு முகம், ஒரே ஒரு முறை.

மகள் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மேஜை மேல் வைத்தாள். அனுப்பு என்றாள். ஒரு மாதம் சொன்னாள். கடைசியில் அம்மா பென்சிலை எடுத்தாள். படத்தைக் கவிழ்த்து நாலு என்று எழுதினாள். அடுத்து ஏழு எழுதக் கை போகவில்லை. ஹாலில் சிரிப்பு வந்தால் நாற்பத்தேழாம் எண் அதை மறுபடி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆறு எழுதி உறையை ஒட்டிவிட்டாள்.

படம் முதல் நாளே திரும்பி வந்துவிடும் என்றுதான் நினைத்தாள்.

*

எட்டு மணிக்கு ஸ்டுடியோவிலிருந்து மகள் ஃபோன் செய்தாள். ஷட்டரில் ‘இன்று விடுமுறை’ என்று அட்டை மாட்டப் போன இடத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நிற்கிறாளாம். நாளை காலை பயணம். குழந்தைக்கு அடையாள அட்டைப் படம் வேண்டும். மற்ற கடைகளில் இரண்டு நாள் முயற்சி செய்து கையை விரித்துவிட்டார்களாம்.

“வரேன்னு சொல்லு” என்றார் அவர். “குழந்தைன்னா நான் போனாத்தான் ஆகும்.”

வீட்டிலிருந்து இரண்டு தெரு. புதுச் சட்டையிலேயே போனார். மனைவியும் போனாள். வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வழியெல்லாம் அவர் ஏரியைச் சொல்லிக்கொண்டே நடந்தார்.

ஸ்டுடியோ ஒரே அறை. ஒரு பக்கம் வெள்ளைத் திரை, முன்னால் ஸ்டூல், இரண்டு லைட், ஸ்டாண்டில் கேமரா. தலை வாரிக்கொள்ள ஒரு கண்ணாடி. பின்னால் பிரிண்ட் அறை. அதன் கதவுக் கைப்பிடி கழன்று ஆடியபோது அவரே பச்சை இன்சுலேஷன் டேப் சுற்றினார். சுற்றிய டேப்பின் நுனி ஒட்டவில்லை. இன்றுவரை ஒரு வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது.

ஆறு வருடங்களுக்கு முன் அவள் எடுத்தது இந்தக் கதவைத்தான். ஒரு நாளைக்கு இருபது முறை திறக்கிற கதவு. ஹாலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

குழந்தைக்கு நாலு மாதம் இருக்கும். தலை நிற்கவில்லை. அவர் தாயை ஸ்டூலில் உட்காரவைத்து, தலையோடு வெள்ளைத் துணியால் போர்த்தினார். துணிக்கு வெளியே அவள் மடியில் குழந்தையைச் சாய்த்தார். துணிக்குள்ளிருந்து தாயின் கைகள் பிடித்துக்கொண்டன. படத்தில் குழந்தை மட்டும்தான் தெரியும். கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், நேராகப் பார்க்க வேண்டும். நாலு மாதக் குழந்தைக்கு இதில் எதுவும் தெரியாது.

“மூச்சு விடலாமா?” என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“விடுங்கம்மா. நீங்க இப்போ நாற்காலி. நாற்காலியும் மூச்சு விடலாம்.”

துணி சிரித்துக் குலுங்கியது. குழந்தையும் குலுங்கியது. அவர் லென்சுக்கு மேல் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். ஆட்டவில்லை. மற்றவர்கள் எல்லாரும் ஆட்டுவார்கள். இவர் குழந்தைக்கு அலுத்துப்போகும்வரை விடுவார். அலுத்துப்போன குழந்தை வாயை மூடிவிட்டு நேராகப் பார்க்கும். அந்த ஒரு நொடி.

எடுத்துவிட்டார்.

மனைவி பிரிண்ட் அறையில் நின்று கதவிடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதர் எதற்கு ஏரிக்குப் போகிறார் என்று நினைத்தாள். பல வருடமாக நினைப்பதுதான்.

மகள் மெஷினைப் போட்டாள். அது சூடாகக் கொஞ்ச நேரம் எடுக்கும். சத்தத்துக்குக் கீழே பேசினாள்.

“நீ சொல்றியா, நான் சொல்லவா?”

“நான் சொல்றேன்.”

“எப்போ? அவர் மைக்கைப் பிடிச்சதுக்கு அப்புறமா?”

அம்மா கத்தரிக்கோலை எடுத்து அதன் இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

“சொன்னா அவரைக் கழகத்துலேருந்தே எடுத்துடுவாங்கடி. ஃபாரத்துல போட்டிருக்கு.”

போட்டிருந்தது. கடைசி வரி. தன் எண்ணில் பிறர் எடுத்த படம் இருப்பது தெரியவந்தால் உறுப்பினர் நீக்கப்படுவார்.

“சொல்லலைன்னா?”

அம்மா மெஷின் மேல் இருந்த தூசியைத் துடைத்தாள்.

“நாப்பத்தேழுன்னு எழுதறேன்னு என்கிட்ட சொன்ன. நான் பக்கத்துலதான் இருந்தேன். உறையை ஒட்டறப்போ தண்ணி குடிக்கப் போனேன். ஒரு டம்ளர் தண்ணி. அதுக்குள்ள.”

“கை வரலை.”

“உன் கையைப் பத்தி எனக்குத் தெரியும். அவர் முகத்தை நினைச்சுப் பாரு. எல்லார் முன்னாடியும் துணியை எடுக்கப் போறாங்க. ஏரி இருக்காது. அவர் இருப்பார்.”

கதவு திறந்தது. அவர் பச்சை டேப்பைப் பிடித்தபடி தலையை மட்டும் உள்ளே நீட்டினார். இருவரும் மெஷினைப் பார்த்தார்கள்.

“என்ன, அம்மாவும் பொண்ணும் சதி பண்றீங்களா?”

மகள், “பிரிண்ட் வந்துட்டிருக்குப்பா” என்றாள்.

“எனக்குத் தெரியும். கேக்கு கீக்குன்னு எதையாவது சொல்லி வைக்காதீங்க. முதல்ல ஜெயிக்கட்டும். அப்புறம் வாங்கிக்கலாம்.” கொஞ்சம் யோசித்து, “சின்னதா சொல்லி வச்சிருந்தா பரவாயில்லை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா குழந்தையின் படங்களை வெட்டத் தொடங்கினாள். எட்டுப் படங்கள். ஒரே முகம் எட்டு முறை. வெட்டு நேராக விழவில்லை. இரண்டை மறுபடி போட வேண்டியிருந்தது.

*

பஸ்ஸில் அவருடைய அக்காவும் சேர்ந்துகொண்டார். தம்பி ஜெயிப்பதைப் பார்க்க வந்திருந்தார். கைப்பையில் நாலு வாழைப்பழம், ஒரு பாட்டில் தண்ணீர், முழுதாகச் சார்ஜ் ஏற்றிய ஃபோன். வீடியோ எடுக்கப்போவதாக ஏறும்போதே அறிவித்தார். கண்டக்டரிடமும் சொன்னார்.

அக்கா ஜன்னல் ஓரம். பக்கத்தில் மனைவி. முன் சீட்டில் அவரும் மகளும். அவர் பின்னால் திரும்பி உட்கார்ந்து அக்காவுக்குக் கழகத்தின் முறைகளை விளக்கினார். எண், பென்சில், துணி. யாருடையது என்று தெரியாமலே நடுவர்கள் கிழிப்பதைக் கேட்க வேண்டும். நல்ல ஆட்களே ஆடிப்போவார்கள்.

“ஒருத்தன் கதவைக் கொடுத்தான், தெரியுமா அக்கா?”

அக்காவுக்குத் தெரியும். குறைந்தது பத்து முறை கேட்டிருக்கிறார். ஆனாலும் கேட்டார். அவர் சொன்னார். ஆள் வரும்வரை காத்திருந்திருக்கலாம் என்ற இடத்தில் நடுவரின் குரலையே போட்டுக் காட்டினார்.

அக்கா சிரித்தார். “பாவம், அவன் இன்னும் அந்தக் கதவுகிட்டதான் நிக்கிறானோ என்னமோ.”

அவருக்கு அது பிடித்துப்போயிற்று. தொடையில் தட்டிச் சிரித்தார். மகள் திரும்பி, “அப்பா, போதும்” என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார்.

“இவளுக்கு என்னைவிட டென்ஷன்” என்றார் அக்காவிடம்.

மனைவி கண்டக்டரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையில் வியர்வை, தோள்பை வார் போன இடம் மட்டும் உலர்ந்திருந்தது. பழக்கத்தில் கண் அதைச் சதுரமாக வெட்டிப் பார்த்தது. உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள்.

நிறுத்தத்தில் இறங்கி நடந்தார்கள். நூலகத்தின் மாடியில்தான் ஹால். அக்காவும் மகளும் முன்னால் போய்விட்டார்கள். மகள் வேண்டுமென்றே அக்காவை இழுத்துக்கொண்டு போனாள் என்று அம்மாவுக்குத் தெரிந்தது. முழுதாக ஒரு தெரு கிடைத்தது.

பாதித் தெருவில் வாயைத் திறந்தாள்.

“என்னங்க, அது ஏரிப் படமா இல்லாமலும் இருக்கலாம்.”

அவர் நின்றார். “என்ன சொல்ற?”

“எந்தப் படம்னு அவர் சொல்லலையே.”

“நான் ஒரு படம்தானே கொடுத்தேன்?”

“ஆமா. ஆனா...”

அவர் அவளையே பார்த்தார். பிறகு முகம் இளகியது. முழங்கையைப் பிடித்து நடைபாதையின் உள்பக்கம் நகர்த்தினார். ஒரு சைக்கிள் கடந்துபோயிற்று.

“உனக்குப் பயம். நான் மேல ஏறித் திணறிடுவேன்னு. இல்லை?”

அவள் தலையசைத்தாள். ஆமாம் என்றா இல்லை என்றா, அவளுக்கே தெரியவில்லை.

“பதினோரு வருஷமா என் பக்கத்துல வந்து உட்கார்ந்திருக்க. ஒவ்வொரு வருஷமும் என் படத்தைத் தள்ளி வைக்கறதைப் பார்த்திருக்க. ஒரு தடவைகூட வரமாட்டேன்னு சொன்னதில்லை. இன்னைக்கு ஒரு நாள் சந்தோஷமா உட்காரு. அது போதும் எனக்கு.”

தெரு முடியும்வரை அவர் அவள் முழங்கையை விடவில்லை. படிக்கட்டு வந்துவிட்டது.

*

நூறு நாற்காலிகள். எண்பது நிறைந்திருந்தன. மேடையில் மூன்று ஸ்டாண்டுகள், மேலே சாம்பல் நிறத் துணி. ஓரமாக ஒரு மேஜை. செயலாளர் ஒரு பக்கம், நடுவர் ஒரு பக்கம். நடுவர் வயதான பெண்மணி, நாற்பது வருடம் பத்திரிகையில் படம் எடுத்தவர் என்று அறிமுகம் செய்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

நாலாவது வரிசை. அக்கா, அவர், மனைவி, மகள். ஏரியைப் பற்றிப் பேச எழுதி வைத்திருந்த மூன்று தாள்களையும் அவர் மடியில் அடுக்கி வைத்துக்கொண்டார்.

முதல் துணி விலகியது. மழையில் ஒரு சந்தை. எடுத்தவர் பல் மருத்துவர். மேடையேறி ஆறு நிமிடம் பேசினார், அதில் நாலு நிமிடம் லென்சைப் பற்றி. நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கை தட்டினார்கள்.

இரண்டாவது துணி.

மனைவி மேடையைப் பார்க்கவில்லை. அவர் மடியைப் பார்த்தாள். தாள்களின் மேல் அவர் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. நின்றன.

மேடையில் இருந்த படம் இது. மாலை, கடை மூடிய பிறகு. ஒரு லைட் மட்டும் எரிகிறது. வெள்ளைத் திரைக்கு முன்னால், வாடிக்கையாளர்கள் உட்காரும் ஸ்டூலில், ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். முதுகு நேர். கைகள் முழங்கால் மேல். தாடை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, எல்லாரிடமும் அவர் இறக்கச் சொல்கிற அளவுக்கு. எதிரே ஸ்டாண்டில் கேமரா. அதன் பின்னால் யாரும் இல்லை. அவர் அந்தக் கேமராவைப் பார்க்கிறார். இடது ஓரத்தில் கலங்கலாக ஒரு கதவின் விளிம்பு.

அவர் எதற்காக அங்கே உட்கார்ந்தார் என்று அவள் கேட்டதில்லை. இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தார். எழுந்து லைட்டை அணைத்தார். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டார்.

“நாப்பத்தாறு” என்றார் செயலாளர்.

“தம்பி” என்றார் அக்கா, ஃபோனைப் பிடித்தபடி. “அது நீதானே? உன்னையே எடுத்திருக்கியா? சொல்லவே இல்லை.”

கைதட்டல் தொடங்கியிருந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டதே அவருக்குத் தெரிந்திருக்காது. மனைவியை ஒரு முறை பார்த்தார். அவள் வாய் திறந்தது. கைதட்டல் பெரிதாக இருந்தது. அவர் போய்விட்டார்.

மேடையில் செயலாளர் அவர் கையில் மைக்கைக் கொடுத்தார். அவர் படத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

“அன்னைக்கு ஒரே...” என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

நடுவர் காத்திருந்தார். அவசரம் இல்லாத மனுஷி.

“உங்களை நீங்களே எடுத்திருக்கீங்க” என்றார் கடைசியில். “எப்படி எடுத்தீங்க?”

“டைமர்” என்றார் அவர்.

மகளின் கை அம்மாவின் மணிக்கட்டில் இறுகியது.

“டைமர். சரி. ஆனா கேமரா உங்க முன்னாடி நிக்குது, அதுவும் படத்துக்குள்ள. அப்போ இதை எடுத்தது எது?”

“இன்னொரு கேமரா.”

“அதை எங்க வச்சீங்க?”

அவர் மறுபடி தாளைப் பார்த்தார். புதுச் சட்டையின் அக்குளில் ஈரம் படர்ந்திருந்தது. நாலாவது வரிசையிலிருந்து தெரிந்தது.

நடுவர் குற்றம் கண்டுபிடிக்கவில்லை. அவருக்குப் படம் பிடித்திருந்தது. அதைச் சொல்லவும் செய்தார். இத்தனை வருடம் அடுத்தவர்களை அந்த ஸ்டூலில் உட்காரவைத்த ஒருவர், கடைசியில் தானே போய் உட்கார்ந்து யாராவது எடுப்பார்களா என்று பார்க்கிறார். “தாடைகூடச் சரியா இறங்கியிருக்கு” என்றார்.

அவர் மென்மையாகத்தான் சொன்னார். ஆனால் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர். கெட்ட சிரிப்பு இல்லை. ஹாலில் எப்போதும் எழும் சிரிப்பு.

அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஆறு வருடமாகத் தெரியும். இந்த முறை அது அவளைத் தாண்டி மேடைக்குப் போயிற்று. அவர் அதை வாங்கிக்கொண்டு நின்றார். மைக்கை ஒரு கையில், ஏரியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல்.

அவள் எழுந்தாள்.

நாற்காலி பின்னால் உராய்ந்தது. முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“நான்” என்றாள். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னாள். “அதை எடுத்தது நான்.”

எண்பது தலைகள் திரும்பின.

“ஏம்மா, உட்காரு” என்றார் அக்கா. ஃபோனை இறக்க மறந்துவிட்டார். அது வீடியோவாக எடுத்துக்கொண்டே இருந்தது.

“அவருக்குத் தெரியாது. அவர் கொடுத்தது வேற. நாப்பத்தாறுன்னு எழுதினதும் நான்தான். என் நம்பர் நாப்பத்தேழு.”

செயலாளர் மேஜையில் இருந்த ஃபாரத்தை இழுத்தார். கடைசி வரியைத் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. உட்காரலாம் என்று நினைத்தாள். கை நாற்காலியை விடவில்லை.

நடுவர் செயலாளரைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாலாவது வரிசையைப் பார்த்தார்.

“எங்கிருந்து எடுத்தீங்க?”

படம் எடுப்பவர்களிடம் கேட்கிற கேள்வி. அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. பதில் தயாராக இல்லை, அதனால் உண்மையே வந்துவிட்டது.

“பின்னாடி பிரிண்ட் ரூம் இருக்குங்க. அங்க இருந்து. கதவு பாதி திறந்திருந்தது.”

மேடையில் அவர் தலை நிமிர்ந்தது.

அவர் அவளைப் பார்க்கவில்லை. படத்தின் பக்கம் திரும்பினார். ஸ்டாண்டுக்கு அருகே போய்க் குனிந்தார், ஸ்டுடியோவில் பிரிண்டைச் சரிபார்க்கிற மாதிரி, மூக்கு இடிக்கிற தூரத்துக்கு. முகத்தைப் பார்க்கவில்லை. தன் முகம் இருந்த இடத்தைத் தாண்டி இடது ஓரத்துக்குப் போனார். கலங்கலான விளிம்பு. அதில் ஒரு கைப்பிடி. கைப்பிடியில் சுற்றிய டேப். டேப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வால்.

அவர் விரல் அதன் மேல் போய், தொடாமல் நின்றது.

தாள்கள் மூன்றும் கையிலிருந்து நழுவின. ஒன்று மேடைக்குக் கீழே பறந்தது. யாரும் எடுக்கவில்லை.

அவர் திரும்பினார். அவளிடம் மட்டும் கேட்கிற குரலில், வீட்டில் கேட்கிற குரலில் கேட்டார். கையில் மைக் இருந்தது. எல்லா நாற்காலிகளுக்கும் கேட்டது.

“அப்போ, அந்தக் கதவு... அதுவும் நீ எடுத்ததுதானா?”